பெருங்காயம் அழைத்துப்போன கப்பல்

எங்களைக் கப்பலில் ஏற்றிவிட்டது பெருங்காயம். சிரிக்காதீர்கள், நிஜம்தான். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்தச் சில வருடங்களில் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு பித்துப் பிடித்திருந்தது. சிமென்ட் விற்றால் பாங்காக், பெயின்ட் விற்றால் மலேசியா என்று கடைக்காரர்களை விமானத்தில் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். என் வீட்டுக்காரருக்குக் காஞ்சிபுரத்தில் மளிகைக் கடை. எங்கள் ஊரில் இட்லிக்கே பெருங்காயம் போடுவார்கள், புளியோதரையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கல்யாண சமையல்காரர்கள் வந்தால் டப்பாவாக வாங்க மாட்டார்கள், பெட்டியாகத்தான். அந்த வருடம் எங்கள் வட்டாரத்திலேயே அதிகம் விற்றவர் இவர்தான் என்று சொல்லி, பெருங்காயக் கம்பெனி எங்கள் இருவருக்கும் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் இடம் கொடுத்தது.

"ஏம்மா, கப்பல்ல போறோம்!" என்று வாயெல்லாம் பல்லாக வீட்டுக்குள் வந்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வாலாஜாபாத் தாண்டினாலே கட்டுச்சோறு கட்டுகிற குடும்பம் எங்களுடையது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினேன். சுற்று முடிவதற்குள் நினைவு வந்துவிட்டது. "அங்க நான் இன்னாத்த சாப்பிடறது?" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். அதற்கு முந்தைய வருடம், எனக்குச் சீலியாக் என்ற வியாதி இருப்பதாகச் சென்னையில் கண்டுபிடித்தார்கள். கோதுமையில் இருக்கும் க்ளூட்டன் என் குடலுக்குப் பகையாம். துளி உள்ளே போனாலும் வயிறு உப்பி, பேதியாகி, கைகால் ஓய்ந்துவிடும். மருந்து கிடையாது. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதையும் தொடக்கூடாது, அதுதான் வைத்தியம் என்றார் டாக்டர். "இவ்ளோதானா? நாம இன்னா சப்பாத்தி துன்னா வளர்ந்தோம்?" என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

சப்பாத்தியை விட்டேன். பரோட்டாவை விட்டேன், அது கொஞ்சம் வலித்தது. டீயில் பிஸ்கட் நனைப்பதை விட்டேன், அது நிறையவே வலித்தது. ஆனால் வயிறு என்னை விடவில்லை. சோறும் ரசமும் மட்டும் சாப்பிட்ட நாளிலும் சாயங்காலம் பானை மாதிரி உப்பியது. உடம்பு துரும்பாக இளைத்தது. ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று தொங்கியது. மறுபடி போனபோது டாக்டர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, "வீட்டுல எதையாவது மறைச்சு சாப்பிடறீங்களாம்மா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த இவர் அந்தக் கேள்வியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

இவருடைய அக்கா, என் நாத்தனார், எங்களோடுதான் இருந்தார். சமையலறை அவர் ராஜ்ஜியம். ஒருநாள் என் தலையணைக்கு அடியில் எங்கள் மகள் தின்றுபோட்ட பிஸ்கட் உறை ஒன்று கிடந்தது. அவ்வளவுதான், கேஸ் முடிந்தது. "திருட்டுத்தனமா துன்னுட்டு, அப்புறம் வயித்த புடிச்சிக்கினு படுத்துக்கறா" என்று நாத்தனார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான் கத்தினேன், அழுதேன், சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தேன். இவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாததுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கப்பல் சேதி வந்த அன்றுதான் வாயைத் திறந்தார். "கப்பல்ல நான் உன் கூடவேதான் இருப்பேன். நீ வாயில வைக்கறத ஒவ்வொண்ணா பார்ப்பேன். அப்புறம் தெரிஞ்சிபோவுது."

"பாருங்க. நல்லா கண்ணாடி போட்டுக்கினு பாருங்க" என்றேன். வாய்தான் அப்படிப் பேசியது. உள்ளுக்குள் பயம்தான். கப்பலில் ரொட்டிதானே போடுவார்கள்? தெரியாமல் ஏதாவது உள்ளே போய் நான் படுத்துவிட்டால், ஆயுள் முழுக்கச் சொல்லிக் காட்டுவார்களே. சோறு ஒன்று கிடைத்தால் போதும், பிசைந்து சாப்பிட்டுக் காலத்தை ஓட்டிவிடலாம் என்று, நாத்தனார் காய்ச்சிய புளிக்காய்ச்சலை ஒரு பாட்டில் நிறைய எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.

அந்தப் பாட்டில் விமானத்திலேயே உடைந்தது. சிங்கப்பூரில் பெட்டியைத் திறந்தால், இவருடைய வெள்ளைச் சட்டை அத்தனையும் புளியோதரை. கம்பெனி மேனேஜருக்குக் கை கொடுக்கப் போனவரை அவர் மோந்து பார்த்து, "சாப்பாடு வந்துடுச்சா சார்?" என்று கேட்டார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரும்பிக்கொண்டேன்.

கப்பலைப் பார்த்ததும் என் பயமெல்லாம் ஒரு நிமிடம் ஓடிப்போனது. அடேயப்பா! எங்கள் ஊர் ராஜகோபுரத்தைப் படுக்கவைத்து வெள்ளையடித்ததுபோல் நின்றது. உள்ளே லிஃப்ட், நீச்சல் குளம், நகைக்கடை, எல்லாம் இருந்தது. சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்ததும் ஓடிப்போன பயம் திரும்பி வந்தது. எங்கே பார்த்தாலும் ரொட்டி. நீள ரொட்டி, உருண்டை ரொட்டி, நடுவில் ரொட்டியிலேயே செய்த ஒரு முதலை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அது என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

டாக்டர் எனக்காக ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்த சீட்டைப் பரிமாறுகிறவரிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டு உள்ளே போனார். உயரமான வெள்ளைத் தொப்பியோடு தலைமைச் சமையல்காரரே வெளியே வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் குனிந்து, எனக்குப் புரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி, "ரைஸ்? ஃபிஷ்? எக்? பொட்டேட்டோ?" என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினேன். கல்யாணத்தில்கூட நான் அவ்வளவு சந்தோஷமாகத் தலையாட்டியதில்லை.

அன்றிலிருந்து எனக்கு ராஜ உபசாரம். வேளாவேளைக்கு என் தட்டு மட்டும் வெள்ளி மூடி போட்டுத் தனியாக வரும். மூடியைத் திறந்தால் சோற்றின் உச்சியில், பல்குத்தும் குச்சியில் ஒட்டிய சின்னப் பச்சைக் கொடி. கோதுமை இல்லை என்பதற்கு அடையாளமாம். சுட்ட மீன், வெண்ணெய் வைத்த உருளைக்கிழங்கு, அவித்த முட்டை, பப்பாளி, ஐஸ்கிரீம், எல்லாவற்றிலும் கொடி! எங்கள் மேஜையில் இருந்த வேலூர்க் கடைக்காரரின் மனைவிக்குத் தாங்கவில்லை. "அக்கா, எனக்கும் அந்த வியாதிதான்னு சொல்லேன்" என்று என்னைப் பிறாண்டினார். அவர் வியாதி சாக்லேட் கேக் வரும்வரைதான் இருந்தது.

என் வீட்டுக்காரர் சொன்னபடி சுங்கக்காரர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸ்கிரீமைக்கூட ஒரு வாய் எடுத்துச் சோதனை போட்டார். போடட்டும். எனக்கு அதைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை, ஏனென்றால் எனக்குப் பசித்தது. பசி! ஒரு வருடமாகச் சாப்பாட்டைக் கண்டாலே மிரண்டவளுக்கு, காலையில் கண் விழிக்கும்போதே பசித்தது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், தட்டையாக, சாதுவாக இருந்தது. மற்ற பெண்கள் கப்பல் ஆட்டத்தில் தலைசுற்றி, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தார்கள். நான் மட்டும் லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறி மேல்தளத்துக்கு ஓடினேன். காற்றில் புடவை படபடக்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து, "ஓய்!" என்று கத்தினேன். ஏன் கத்தினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உடம்பு நன்றாக இருந்தது, கத்தினேன்.

இவர் பின்னாலேயே மூச்சு வாங்க வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ சரிதான்" என்றார்.

"இன்னா சரி?"

"இங்க நான் கூடவே இருக்கறேன், உனக்கு ஒண்ணும் ஆவல. வீட்ல நான் கடைக்கிப் போயிடறேன், உனக்கு வயிறு உப்புது. அக்கா சொன்னது சரியாத்தான் இருக்குது."

அட கடவுளே! நன்றாக இருப்பதே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. வந்த ஆத்திரத்தில் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. ஐஸ்கிரீமும் கொடுக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் கம்பெனி விருந்து. கப்பல்காரர்களிடம் அனுமதி வாங்கி, ஊரிலிருந்து கூடவே கூட்டி வந்த சமையல்காரரை வைத்துத் தமிழ்நாட்டுச் சாப்பாடு போட்டார்கள். ரசத்தின் வாசனை வராந்தாவிலேயே என்னைப் பிடித்து இழுத்தது. முதல் வேலையாகச் சமையல்காரரிடம் போய்க் கோதுமை எதிலெல்லாம் இருக்கிறது என்று கேட்டேன். "பாயசத்துல சேமியா இருக்குது. பாக்கியெல்லாம் சோறு, பருப்பு, ரசம், மோருமா. கோதுமைக்கு இங்க இன்னா வேலை?" என்றார். பாயசத்தை ஒதுக்கினேன். சோற்றில் குழி செய்து ரசத்தை ஊற்றி, உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டேன். பெருங்காயக் கம்பெனி விருந்தல்லவா, ரசம் மணந்த மணம் இருக்கிறதே! இவர் கவளம் கவளமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு வயிறு கடமுடா என்றது. நாலு மணிக்கு அறையின் குளியலறையை விட்டு வெளியே வர முடியவில்லை. பழைய கதையேதான், அதே உப்பல், அதே ஓய்ச்சல். கப்பல் ஆட்டம் என்றும் சொல்ல வழியில்லை, கடல் அன்று எங்கள் ஊர்ச் சர்வதீர்த்தக் குளம் மாதிரி அசையாமல் கிடந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது, இவர் கட்டிலின் ஓரத்தில் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்க, இன்னா திருடித் துன்னேன்?" என்று கேட்டேன்.

"நான் பார்த்துக்கினேதான் இருந்தேன்மா. சோறு, ரசம், மோர். வேற ஒண்ணுமே இல்லியே" என்றார். அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

சாயங்காலம் கப்பலின் நாடகக் கூடத்தில் கம்பெனி நிகழ்ச்சி. வரவில்லை என்றேன். தனியாக விட்டுப் போக இவருக்கு மனமில்லை, கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் ஓரத்து நாற்காலியில் உட்காரவைத்தார். மேனேஜர் மேடையேறி, மைக்கைத் தட்டிவிட்டு, "ஒரு சின்னக் கேள்வி. நம்ம கம்பெனிப் பெருங்காயத்துல என்னென்ன சேர்க்கறோம்? கரெக்டா சொல்றவங்களுக்குப் பரிசு!" என்றார்.

என் வீட்டுக்காரர் சட்டென்று எழுந்தார். சும்மாவா, வட்டாரத்திலேயே அதிகம் விற்றவராயிற்றே! மைக் அவர் கைக்கு வந்தது. கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே மிடுக்கோடு ஆரம்பித்தார்.

"அசல் பெருங்காயம்ன்றது செடியோட பால் சார். அது ரொம்பக் கடுப்பு, அப்படியே நாக்குல வைக்க முடியாது. அதனால கொஞ்சமாத்தான் அதைப் போட்டு, பிசின் சேர்க்கறோம். அப்புறம் மைதா மாவு."

மைதா மாவு என்பது ஒலிபெருக்கி வழியாக அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். இவர் மட்டும் மைக்கை வாயருகே பிடித்தபடி அப்படியே நின்றார். பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். மேனேஜர் மைக்கைப் பிடுங்கி வாங்கவேண்டியதாயிற்று.

பரிசு என்ன தெரியுமா? ஒரு பெட்டி பெருங்காயம்.

அதைத் தூக்கிக்கொண்டு இவர் என்னை நோக்கி நடந்து வந்தார். கோபம் வரவேண்டிய இடம். எனக்கு வந்தது சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலியோடு வலியாக, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தேன். பரிசு கிடைத்த சந்தோஷம் என்று நினைத்து வேலூர்க்காரரின் மனைவியும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

"தெரியும்மா, எனக்குத் தெரியும். டப்பாவத் தொட்டுத் தொட்டுத் தினமும் விக்கறேன். ஆனா அது ஒரு சிட்டிகைதானேன்னு..." என்று இழுத்தார்.

"சிட்டிகையா? உங்க அக்கா போடறது சிட்டிகையா?" என்றேன். சிரிப்பு அடங்கவேயில்லை. "நல்லா கண்ணாடி போட்டுக்கினு பார்த்தீங்களா?"

அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

சிங்கப்பூரில் இறங்கியதும் எல்லோரும் கடைத்தெருவுக்கு ஓடினார்கள். இவர் என்னைக் கையைப் பிடித்து ஒரு டெலிபோன் கடைக்கு இழுத்துப்போனார். வீட்டுக்குப் போட்டார்.

"அக்கா, நான்தான். நல்லா இருக்கறோம். நீ மொதல்ல இதக் கேளு. அவ திருட்டுத்தனமா ஒண்ணும் துன்னலக்கா. சத்தியமா இல்ல. பெருங்காயத்துல மைதா இருக்குதுக்கா. நான்தான் டப்பா டப்பாவா எடுத்தாந்து போட்டேன். நாமதான் குடுத்தோம்." ரிசீவரை என் கையில் திணித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

காதில் வைத்தேன். நாத்தனாரின் குரல், நான் அதுவரை கேட்டிராத அளவுக்குச் சின்னதாக வந்தது.

"ஏம்மா... நீ அங்கேர்ந்து வர்றதுக்குள்ள எல்லா டப்பாவையும் கழுவிக் கவுத்துடறேன். ஆனா, பெருங்காயம் இல்லாம ரசம் எப்படிம்மா வைக்கறது?"

அவரிடம் கேட்பதற்கென்று ஒரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த கேள்விகளையெல்லாம் ஓரமாக ஒதுக்கிவிட்டேன்.

"பூண்டு தட்டிப் போடுங்கக்கா" என்றேன். "வந்து சாப்பிடறேன்."