என் விண்ணப்பத்தில் இறந்த பெண்

1998ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், பெங்களூருக்கு அருகே ஆனேக்கல்லைத் தாண்டி ஒரு கிராமத்தில் இருக்கும் துணை சுகாதார நிலையத்தில் இது நடந்தது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பெங்களூரில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன்.

ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவில் வசித்த ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர், நண்பர்கள் சிலருடன் சேர்ந்து ஒரு சிறிய அறக்கட்டளையை நடத்திவந்தார். அந்தத் துணை நிலையத்துக்கு ஒரு பிரசவ அறையும் தண்ணீர்த் தொட்டியும் கட்டித் தர வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று நிதியுதவி தருவதாக அறிவித்திருந்தது. விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும்.

"நீதாம்மா எழுதணும். நாங்க எழுதினா லோன் அப்ளிகேஷன் மாதிரி இருக்குது" என்றார் அவர். அதிகம் பேசாத என்னை ஒருவர் எழுத்துக்காகத் தேடிவந்ததில் எனக்குள் எழுந்த பெருமிதத்தை நான் மறைக்கப்போவதில்லை.

எழுதுவதற்கு முன் ஒருமுறை நேரில் பார்க்கச் சென்றோம். ஓர் அறை, ஓர் இரும்புக் கட்டில், மழைத்தண்ணீர் ஊறிய சுவர். அங்கே இருந்த செவிலியர் ஆனேக்கல்லில் பிறந்து வளர்ந்தவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் கேட்டதற்கெல்லாம் கையிலிருந்த வேலையை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

"கரண்ட் போயிடும்மா. டார்ச்சைப் பல்லுல கடிச்சிக்கினு பிரசவம் பார்ப்பேன். தண்ணி, நானே ரெண்டு குடம் தூக்கியாந்து வெச்சிப்பேன். பதினோரு வருஷம் ஆச்சு. என் ஏரியாவுல ஒரு தாய்கூட போகல. கஷ்டம்னு தெரிஞ்சா முன்னாடியே டெம்போ சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன்."

இதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எதுவும் மனத்தைத் தொடுவதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.

விண்ணப்பத்தில், தேவையை இருநூறு சொற்களுக்குள் விளக்கும்படி ஒரு பகுதி இருந்தது. என் முதல் வரைவைப் படித்த அந்த வங்கிப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "எல்லாம் கரெக்டாத்தான் இருக்குது. ஆனா ஒருத்தரும் சாகலியேம்மா! யாரும் சாகலன்னா அவங்க ஏன் ரூம் கட்டிக் குடுக்கப் போறாங்க?"

வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து ஒரு பெண்ணைச் சாகடித்தேன்.

பத்தொன்பது வயது. தலைப்பிரசவம். போன மழைக்காலத்தில், இந்தக் கிராமத்திலிருந்து மாட்டுவண்டியில் கொண்டுபோகும் வழியிலேயே அவள் உயிர் பிரிந்ததாக எழுதினேன். வளைகாப்புக்குப் போட்ட பச்சை வளையல்களை அவள் கையில் விட்டுவைத்தேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் அவற்றை ஒலிக்கவும் வைத்தேன். சரியாக இருநூறு சொற்கள். அந்தப் பத்தியை எத்தனை முறை எனக்கு நானே படித்துக் கேட்டிருப்பேன் என்று தெரியாது.

"இது அந்த சிஸ்டர் சொன்னதா?" என்று பெரியவர் கேட்டார். ஆமென்று தலையாட்டினேன்.

அரசுக் கட்டடம் என்பதால் மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் ஒப்புதலும் தேவைப்பட்டது. விண்ணப்பத்தின் ஒரு நகலை அங்கே கொடுத்துவிட்டு, நான் தேர்வுக்குப் படிக்கப் போய்விட்டேன்.

ஆகஸ்டில் ஒரு நாள், செவிலியர் எங்களை வரச்சொன்னதாகப் பெரியவருக்குத் தொலைபேசியில் செய்தி வந்தது. அனுமதி கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கையில் சிவாஜிநகரில் ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனோம்.

நிலையத்தின் வாசலில் அவருடைய செருப்புகள் கிடந்தன. இரண்டிலும் செம்மண். ஒன்றில் அறுந்துபோன வாரை ஊக்கால் கோத்திருந்தார். உள்ளே பதினோரு ஆண்டுப் பதிவேடுகளைத் தரையில் பரப்பி, நடுவில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒரு கடிதத்தை நீட்டினார். கன்னடத்தில் தட்டச்சு செய்த மெமோ. அவருடைய பகுதியில் நடந்த ஒரு தாயின் மரணத்தை மாத அறிக்கையில் காட்டாமல் மறைத்ததற்காக அவர்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று ஏழு நாட்களுக்குள் விளக்கம் கேட்டிருந்தார்கள். பின்னால் என் பத்தியின் நகல் குத்தப்பட்டிருந்தது. பச்சை வளையல்களுக்குக் கீழே யாரோ சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்கள்.

"யாரும்மா அந்தப் பொண்ணு?" என்று செவிலியர் கேட்டார்.

நான் மெமோவைத் திருப்பி அந்தப் பத்தியைப் பார்த்தேன்.

"எந்த ஊரு, எந்த வீடு? மூணு நாளா என் ஏரியா ஏழு ஊரும் நடந்துட்டேன். வீடு வீடா கேட்டுட்டேன். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்த பொண்ணா இருந்தா என் ரிஜிஸ்டர்ல பேர் இருக்காதுன்னு, அதையும் விசாரிச்சேன். யாருக்கும் தெரியல. உனக்கு யாரு சொன்னாங்க? என் கண்ணுல படாம எப்படிம்மா போச்சு?"

அவர் என்மேல் குற்றம் சாட்டவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் எழுத்தை அவர் நம்பியிருந்தார். இல்லாத ஒருத்தியைக் காப்பாற்றத் தவறிவிட்டதாக எண்ணி, மூன்று நாட்களாகத் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டு தேடியிருக்கிறார். மைசூர்பாகுப் பெட்டியை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

"அப்படி யாரும் இல்லை, சிஸ்டர். நானா எழுதினது."

பெரியவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். செவிலியர் மடியிலிருந்த பதிவேட்டை மூடினார்.

"அப்போ யாரும் சாகலியா?"

"இல்லை."

அவர் சுவரில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார். போகவிருந்த தன் வேலையைப் பற்றிக் கேட்பதற்கு முன் அவர் கேட்ட கேள்வி அது. பிறகு கண்களைத் திறந்தார். இப்போது அவற்றில் கோபம் இருந்தது.

"நான் சொன்னேனே, டார்ச்சு, தண்ணி, எல்லாம். அது பத்தலியா உனக்கு? பதினோரு வருஷம் ஒருத்தரையும் சாக விடாம வெச்சிருந்தேன். நீ பெங்களூர்ல உக்காந்துக்கினு சாகடிச்சிட்டியே!"



மறுநாள் மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். அந்தப் பெண் என் கற்பனை என்றும், செவிலியர் அப்படி ஒரு செய்தியை எனக்குச் சொல்லவே இல்லை என்றும் எழுதிக் கையெழுத்திட்டேன். அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். என்ன படிக்கிறேன் என்று கன்னடத்தில் கேட்டார். சொன்னேன். அவர் அடுத்த கோப்பைத் திறந்துகொண்டார்; திட்டியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது. மெமோ திரும்பப் பெறப்பட்டது. எங்கள் விண்ணப்பத்தையும் நாங்கள் திரும்பப் பெற வேண்டியிருந்தது. அந்த ஆண்டு மழைக்காலத்திலும் அவர் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் பிரசவம் பார்த்தார்.

அடுத்த ஆண்டு வேறொரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தபோது, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லி அவரிடம் சரிபார்த்தேன். அவர் பதிவேட்டில் விரலை வைத்துக்கொண்டே கேட்டார். ஓரிடத்தில், "பெரும் இன்னல்களுக்கிடையே" என்று வந்தது.

"இன்னல் எல்லாம் வேணாம். டார்ச்சுன்னு போடு" என்றார்.

போட்டேன். அறைக்கு உதவி கிடைத்தது, தொட்டிக்குக் கிடைக்கவில்லை. திறப்பு நாளில் அவர் எனக்கும் ஒரு டம்ளர் காபி கொடுத்தார்.

இப்போது ஆய்வு மாணவியாக எவ்வளவோ எழுதுகிறேன். ஒரு வாக்கியம் மிக அழகாக அமைந்துவிட்டால், வாசலில் கிடந்த அந்தச் செம்மண் செருப்புகள் நினைவுக்கு வருகின்றன: நான் ஒரு பெயர்கூட வைக்காமல் சாகடித்த பெண்ணை, அவள் யார் வீட்டுப் பிள்ளையோ என்று தேடிக்கொண்டு ஒருவர் ஏழு ஊர் நடந்திருக்கிறார்.