வளைத்தால் வரும் குமிழி

என் மருமகள் ஆஸ்பத்திரியில் குழாய் கழுவுகிறாள். "அதெல்லாம் ஒரு வேலையா?" என்று முகத்தைச் சுளிக்கிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். எனக்குக் கையெழுத்து வராது. வாய் நன்றாக வரும்.

அது வாய் வழியாக வயிற்றுக்குள் விடுகிற குழாய். நுனியில் கேமராவும் உண்டு, ஸ்கேனும் உண்டு. உள்ளே இருந்தபடியே வயிற்றுச் சுவருக்கு அந்தப் பக்கம் கணையம், பித்தக்குழாய் எல்லாவற்றையும் பார்த்துவிடுவார்கள். சீழ் கட்டியிருந்தால் அங்கேயே ஊசி குத்தி வடித்துவிடுவார்கள், வயிற்றைக் கிழிக்க வேண்டாம். ஆனால் ஒருவருக்குப் போட்ட குழாய்தான் அடுத்தவருக்கும். இரண்டு பேருக்கும் நடுவில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், பதினோரு வருஷமாக என் மருமகள் நிற்கிறாள்.

கழுவும் முன் குழாய்க்குள் காற்றடித்துத் தண்ணீரில் முக்குவாள். குமிழி வந்தால் ஓட்டை. ஓட்டைக்குள் போன அழுக்கு எந்த மருந்துக்கும் அசையாது.

ஒரு நாள் ஒரு லாரி டிரைவர் வந்தார். கணையத்தை ஒட்டிச் சீழ், உடம்பு கொதிக்கிறது. டாக்டர் தயாராக நிற்கிறார். முந்தின ஆளுக்குப் போட்ட குழாயை இவள் முக்கினாள். ஒன்றுமில்லை. நுனியை வளைத்தாள். கடுகளவு குமிழி ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று.

"இது போகாது சார்."

ஆஸ்பத்திரி மேனேஜர் எட்டிப் பார்த்தார். "எங்கம்மா குமிழி? நல்லாத்தானே இருக்கு!"

"நேரா வச்சா வராது சார். வளைச்சாத்தான் வரும்."

"டாக்டர் நீயா, அவரா?"

"அவர்தான். கழுவுறது நான்."

"காண்ட்ராக்ட் ஆளுக்கு வாயைப் பாரு! ஒரு போன் போட்டா நாளைக்கு வேற ஆள் நிக்கும்."

"நிக்கட்டும் சார். அந்த ஆளும் வளைச்சுத்தான் பாக்கணும்."

அவர் கையை நீட்டினார். இவள் இரண்டு கையாலும் குழாயைத் தண்ணீருக்குள்ளேயே அழுத்திக்கொண்டாள். சத்தம் கேட்டு டாக்டரே வந்துவிட்டார். இவள் குழாயின் பிடியில் இருக்கும் சக்கரத்தைத் திருகி நுனியை வளைத்துக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார்.

"அலமாரியில இருக்கிற இன்னொரு குழாயைக் கழுவித் தர எவ்வளவு நேரம்?"

"ஒண்ணேகால் மணி சார்."

"ஒரு மணியில குடும்மா."

"ஒண்ணேகால் சார்."

ஒன்றேகால் மணி நேரம் கழித்துத்தான் கொடுத்தாள். சீழ் வடிந்தது, மறுநாள் டிரைவருக்குக் காய்ச்சல் விட்டது. மேனேஜருக்கு விடவில்லை. ஒரு தாளை நீட்டி, கையெழுத்துப் போடு என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"போட்டுத் தொலை. வேலை போயிடும்" என்றான் என் மகன்.

"நீ வாயை மூடுடா" என்றேன். "என்னம்மா எழுதியிருக்கு?"

"தாமதம் என்னாலதானாம் அத்தை."

"உன்னாலதானே?"

"என்னாலதான். ஆனா அதைத் தப்புன்னு எழுதியிருக்காங்க."

'தப்பு' என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டு, கீழே முழுப்பெயரும் போட்டுக் கொடுத்தாள்.

அதற்குப் பதில் இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும். இன்று காலையும் வேலைக்குப் போனாள். போனவள், இன்னொரு குழாயையும் 'இது போகாது' என்று நிறுத்திவிட்டு வந்திருக்கிறாள்.