சாக்பீஸில் எழுதாத செய்தி

போன புதன்கிழமை காலை பதினொன்றே காலுக்கு நான் ஒரு பெண்ணிடம் பொய் சொன்னேன். சொல்லும்போது அது பொய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு அரை மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும்... பொறுக்கவில்லை.

நீங்கள் வாராவாரம் என் வாயாடித்தனத்தைச் சகித்துக்கொள்கிறவர்கள். பஸ்ஸில் ஒருத்தர் சொன்னது, மீன் சந்தையில் ஒருத்தி சொன்னது என்று நான் அள்ளிக்கொண்டு வருவதையெல்லாம் சிரித்தபடியே படிக்கிறவர்கள். இந்த வாரம் சிரிப்பு கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

குமரி மாவட்டத்தில், இனயத்துக்குப் பக்கத்தில் கடலோரமாக ஒரு சின்ன நூலகம். எட்டு அலமாரி, ரெண்டு பெஞ்சு, ஒரு மேஜை. பத்தாம் வகுப்போடு நின்றுபோன என்னை மிச்சம் படிக்க வைத்தவை இந்த மாதிரி இடங்கள்தான். வாரத்தில் ரெண்டு நாளாவது பஸ் ஏறிப் போய்விடுவேன்.

நூலகர் பெயர் ஷைனி. சொந்த ஊர் அருமனை. ரப்பர் மரங்களுக்கு நடுவில் வளர்ந்தவர். வேலைக்கு வரும்வரை கடலைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்ததோடு சரி. ஊர்க்காரர்களுக்கு அவர் ‘லைப்ரரி டீச்சர்’.

ரெண்டு மாதமாக ஷைனிக்கு ஆன்லைனில் ஒரு பயிற்சி. நூலகப் பணியாளர்களுக்கானது. புதன்தோறும் பதினொரு மணிக்கு. நூலகத்தை விட்டு வெளியே போய் மக்களைச் சந்திப்பது எப்படி, ஊருக்கு ஒரு ஆபத்து என்றால் நூலகம் என்ன செய்ய வேண்டும் — இதுதான் பாடம். போனைத் தேதி ஸ்டாம்ப் பெட்டியில் சாய்த்து வைத்து, ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டி உட்கார்ந்திருப்பார். இன்னொரு காது எங்களுக்கு.

எனக்கு அதில் பெரிய மரியாதை இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

“ஆபத்து நேரத்துல லைப்ரரிக்கு யாரு வரப்போறா டீச்சரே? புஸ்தகத்தக் கெட்டிப் புடிச்சிட்டு நீந்தவா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“வீட்டுப்பாடம் குடுத்திருக்காவ ஸாரே. செய்யண்டாமா?” என்றார். அவ்வளவுதான்.

வீட்டுப்பாடம் என்ன தெரியுமா? துறைமுகம், மீன்வளத் துறை, ஆஸ்பத்திரி, பங்குச் சாமியார், லட்சத்தீவில் படகுகள் ஒதுங்கும் இடத்து ஆபீஸ் — எல்லா எண்களையும் சேர்க்க வேண்டும். சேர்த்தால் போதாது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு தடவை பேசி, எடுக்கிற ஆளின் பெயரைக் குறித்து வைக்க வேண்டும். அப்புறம் ஊரில் நாலு பேர் கூடும் இடத்துக்குப் போய், இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது என்று அறிவிக்க வேண்டும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் நின்று சொன்னார். அவர் போகிற கோயில் வேறு, இந்தக் கோயில் வேறு. தயங்கித் தயங்கித்தான் மைக்கைப் பிடித்தார். “கடல்ல ஏதும் பிரச்சினைன்னா லைப்ரரி வாசல்ல கரும்பலகையில எழுதிப் போடுவேன். வந்து பாருங்க.”

கூட்டத்தில் ஒரு குரல்: “மீனு கெடைக்க எடத்தையும் எழுதிப் போடுவியளா டீச்சரே?”

ஊரே சிரித்தது. நானும்தான்.

அப்புறம் காற்று வந்தது.

ஆழ்கடலுக்குப் போயிருந்த விசைப்படகுகள் — இங்கே ‘போட்டு’ என்றால் அதுதான் — ஒவ்வொன்றாகக் கரை சேர்ந்தன. சில, கேரளத்துப் பக்கம் ஒதுங்கின. புதன் காலையில் ஒரே ஒரு போட்டுதான் பாக்கி. பதினொரு பேர். முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு வயர்லெஸ்ஸில் பேச்சில்லை.

ஊரில் கரண்ட் இல்லை. டிவி இல்லை. பாதிப் பேர் போனில் சார்ஜ் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது நூலக வாசலில் முப்பது பேராவது நின்றார்கள். குடையை விரித்தால் குடை போய்விடுகிற காற்று. கரும்பலகையைக் கதவுக்கு உட்புறமாக இழுத்து நிறுத்தியிருந்தார் ஷைனி. அதில் இப்படி இருந்தது:

மணி 10.30.
தெரிந்தது: ஒரு போட்டைத் தவிர மற்றவை கரை சேர்ந்தன. அந்தப் போட்டு கடைசியாகப் பேசியது நேற்று மதியம்.
தெரியாதது: இப்போது எங்கே இருக்கிறது.
அடுத்து எழுதுவது: 11.30.

பதினொரு மணிக்கு வகுப்பு வந்துவிட்டது. அன்று போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்; விட்டுவிட்டு வந்தது, பயிற்சி நடத்துகிறவரின் சென்னைக் குரல். “ஷைனி, கேமரா ஆன் பண்ணுங்க. இல்லேன்னா அட்டெண்டன்ஸ் போயிடும்.”

“மேடம், இங்க வாசல்ல ஆளு நிக்காவ. ஒரு போட்டக் காணல்ல.”

“அப்ப நீங்க போங்க. தெரியாததைத் தெரியாதுன்னே எழுதுங்க. அடுத்து எழுதறேன்னு சொன்ன நேரத்தை மட்டும் தவறவிட்டுடாதீங்க” என்றார் அந்த அம்மா. ஷைனி வகுப்பை அணைத்து வைத்தார்.

அப்போதுதான் ராபின்சன் உள்ளே வந்தார். காணாமல் போன போட்டின் முதலாளிக்குத் தம்பி. சட்டையெல்லாம் நனைந்து, முகத்தில் மட்டும் வெளிச்சம். போனை எடுத்து ஒரு குரல் பதிவை ஓடவிட்டார்: “பதினொரு பேரும் பத்திரமா தீவுல ஏறியாச்சு. யாரும் பயப்படண்டாம்.”

“எழுதுங்க டீச்சரே.”

ஷைனி சாக்பீஸைத் தொடவில்லை. “யாருக்க குரலு இது?”

“குரூப்புல வந்தது.”

“குரூப்புல யாரு போட்டா?”

“நம்ம ஆளுதான்.”

“அவருக்கு யாரு அனுப்பினா?”

ராபின்சனுக்குக் கோபம் வந்துவிட்டது. “நேத்துலேருந்து பெண்ணுங்க ஒரு மொடக்கு வெள்ளம் குடிக்கல்ல. நீங்க போலீஸ் ஸ்டேஷன் மாதிரி கேள்வி கேக்குதிய.” என் பக்கம் திரும்பினார். “ஸாரே, நீராவது சொல்லும்.”

நான் சொன்னேன். “ஒரு வரிதான டீச்சரே... எழுதிப் போட்டா என்ன கொறஞ்சிரும்? அவங்க மனசாவது ஆறும்.”

“அரை மணிக்கூறு குடுங்க ஸாரே. கேட்டுட்டு எழுதுதேன்.” பிறகு அழுத்தமாக, “அதுவரைக்கும் யாரிட்டயும் பறையாதீங்க” என்று சொல்லிவிட்டு, ராபின்சனையும் அவர் போனையும் கையோடு கூட்டிக்கொண்டு பின்னறைக்குப் போனார். அன்றைய காற்றில் பின்னறை ஜன்னலில் மட்டும்தான் சிக்னல் அறுபடாமல் நின்றது.

மேஜைக்குப் பின்னால் நான் மட்டும்.

ஜெசிந்தா வந்தார். அவர் கணவர் சேவியர் அந்தப் போட்டில் இருக்கிறார். மகள் பெங்களூரில் நர்சிங் படிக்கிறாள். அவளுக்காகப் புத்தகம் கேட்டு நூலகத்துக்கு வந்து வந்து எனக்கும் பழக்கம். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“ஸாரே... ஏதாவது தெரிஞ்சுதா?”

காலையிலிருந்து அந்தக் கேள்வியை எத்தனை பேரிடம் கேட்டிருப்பாரோ. குரல் தேய்ந்துபோயிருந்தது.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் வாயை வைத்துப் பிழைக்கிறவன். எதிரில் ஒரு முகம் அப்படி நின்றால் என் வாய் என்னிடம் அனுமதி கேட்காது.

“தீவுல ஏறியாச்சு ஜெசிந்தா. பதினொரு பேரும்.”

“உள்ளதா?”

“உள்ளதுதான். செய்தி வந்திருக்கு.”

அப்படியே தரையில் உட்கார்ந்தார். சிரித்தார். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். பிறகு எழுந்து ஓடினார் — இருந்த அந்த ஒரு செருப்பையும் அங்கேயே விட்டுவிட்டு.

அதற்கப்புறம் பத்து நிமிஷம் நான் அந்த ஊரில் பெரிய மனுஷன். ஒருத்தர் என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “ஸாருக்க வாயில சர்க்கரை போடணும்” என்றது ஒரு குரல். யாரோ துபாய்க்குப் போன் செய்தார்கள். யாரோ கோயிலுக்கு ஓடினார்கள்.

பின்னறைக் கதவு திறந்தது. ஷைனி வெளியே வந்தார். பின்னால் ராபின்சன், தலையைக் குனிந்தபடி.

“ஸாரே, அது பழசு. போன வருசக் காத்துல வந்த குரலு. வேற போட்டு. அதுலயும் பதினொரு பேரு.” மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். “தீவுலயும் கேட்டாச்சு. நம்ம போட்டு அங்க வரல்ல.”

வாசல் பக்கம் பார்த்தார். அங்கே சிரிப்பும் பேச்சுமாக இருந்தது.

“என்ன சத்தம் அது?”

என்னை ஒரு தடவை பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. திட்டவில்லை. “யாரிட்ட சொன்னிய?” என்று மட்டும் கேட்டார்.

“ஜெசிந்தாகிட்ட.”

மணி பதினொன்றரை. முதலில் பலகையில் எழுதினார். தீவில் ஏறியதாக வந்த குரல் பழையது, தீவில் விசாரித்தோம், அங்கே வரவில்லை, போட்டு எங்கே என்று தெரியாது. என் கையைப் பிடித்தவர் என்னைப் பார்க்காமல் விலகிப் போனார்.

“வாங்க ஸாரே. அந்த அக்கா இதை யாரோ பறஞ்சு கேக்கப்பிடாது.”

“நானுமா?”

“நீங்கதான சொன்னிய?”

முந்நூறு அடி தூரம் இருக்குமா அந்த வீடு? என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான தெருவில் நான் நடந்ததில்லை.

வீடு நிறையப் பெண்கள். நடுவில் ஜெசிந்தா, போனில் மகளோடு. மகள் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள் போல. “நீ வரண்டாம் மக்ளே. அப்பா கரையேறியாச்சு. திரும்பிப் போய்ப் பரீச்சைய எழுது. ஸாரு சொன்னாரு...”

“அக்கா, போனை வைக்காதீங்க” என்றார் ஷைனி. என்னைப் பார்த்தார்.

“ஜெசிந்தா... நான் சொன்னது தப்பு. விசாரிக்காம சொல்லிட்டேன். போட்டு தீவுக்கு வரல்ல.”

அவர் என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. என்னைத் தாண்டி ஷைனியைப் பார்த்து, மிகத் தணிந்த குரலில் கேட்டார்:

“அப்பம்... செத்துட்டாவளா?”

நான் வாயைத் திறந்தேன். நல்ல வேளை, ஷைனி முந்திக்கொண்டார்.

“இல்லக்கா. அதுவும் தெரியாது. ஸாரு சொன்னதுக்கும் ஆதாரம் இல்ல, நீங்க சொல்லுததுக்கும் ஆதாரம் இல்ல. தேடிட்டு இருக்காவ. அது தெரியும். எங்க நிக்குதுன்னு தெரியாது. ஒண்ணரைக்கு நான் திரும்ப வருவேன்.”

“வெசயம் தெரிஞ்சா வருவிய.”

“தெரியலேன்னாலும் வருவேன்.”

“ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லவா?”

“ஆமாக்கா. அத சொல்லத்தான்.”

போனுக்குள்ளிருந்து மகளின் குரல் சன்னமாகக் கேட்டது. “அம்மா, நான் பஸ் ஏறுதேன்.”

ஒண்ணரைக்குப் போனோம். ஒன்றும் தெரியவில்லை. மூன்றுக்குப் போனோம். ஒன்றும் தெரியவில்லை. நாலரைக்குப் போனபோது ஜெசிந்தா வாசலிலேயே நின்றிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, “தெரியல்ல, இல்லியா?” என்று அவரே சொன்னார். பிறகு, “சாயா இருக்கு. குடிச்சிட்டுப் போங்க” என்றார். அதுவரை அவர் எதுவும் குடிக்கவில்லை என்று பக்கத்தில் இருந்த பெண்கள் சொன்னார்கள். ஷைனி ஒரு தம்ளரை எடுத்து அவரிடமே நீட்டினார். குடித்தார். எனக்கும் ஒரு தம்ளர் வந்தது. என் முகத்தைப் பார்க்காமல்தான் தந்தார்.

ஆறுதல் சொல்வதில் எனக்கு நிகர் நானே என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அன்று அந்தத் தெருவில் போய்ப் போய் வந்தபோதுதான் ஒன்று உறைத்தது. ஜெசிந்தாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அதனால்தான் அந்தச் செய்தியை அவசரமாக நீட்டினேன். எனக்கு நானே சொல்லிக்கொண்ட ஆறுதலுக்கு அவர் விலை கொடுத்தார். ‘ஒண்ணும் ஆகாது, எல்லாம் சரியாயிடும்’ என்று ஆஸ்பத்திரி வராந்தாக்களில் நாம் அள்ளி விடுகிறோமே... அதில் எத்தனை அவர்களுக்காக, எத்தனை நமக்காக?

மறுநாள் பன்னிரண்டரை மணி. ராபின்சன் தெருவில் ஓடிவருகிறார். போட்டு கிடைத்துவிட்டது, எஞ்சின் நின்றுபோய்க் காற்றோடு மிதந்துகொண்டிருந்ததைக் கேரளத்துப் போட்டு ஒன்று கட்டி இழுத்துக்கொண்டு வருகிறது என்று கத்துகிறார். ஊர் முழுக்கத் துறைமுகத்துப் பக்கம் பாய்ந்தது.

ஜெசிந்தா மட்டும் எதிர்ப்பக்கம் வந்தார். காலையில் வந்திறங்கிய மகளையும் இழுத்துக்கொண்டு நேரே நூலகத்துக்கு.

“டீச்சரே, போர்டுல எழுதுங்க. எழுதினாத்தான் நான் அழுவேன்.”

ஷைனி அப்போதும் எழுதவில்லை. துறைமுகத்தில் கேட்டு, இழுத்து வரும் போட்டின் சேட்டிலைட் போன் எண்ணை வாங்கி, பின்னறை ஜன்னலில் நின்று அழைத்து... பன்னிரண்டு நிமிஷம். நான் வாயைக் கையால் மூடிக்கொண்டு நின்றேன். கடைசியில் போனை ஜெசிந்தாவிடம் கொடுத்தார். அந்தப் பக்கம் சேவியர் என்ன சொன்னாரோ. இவர் திரும்பத் திரும்ப, “கையா? கையி மட்டுந்தான?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். கை முறிந்திருக்கிறது. கை மட்டும்தான்.

பிறகு ஷைனி பலகைக்கு வந்தார். தெரிந்தது: பதினொரு பேரும் உயிரோடு. தெரியாதது: — அங்கே ஒரு கோடு போட்டார்.

ஜெசிந்தா அழுதார்.

நேற்று ஷைனி என்னிடம் ஒரு தாளை நீட்டினார். பயிற்சி முடிகிறது, கடைசியாக ஒரு கட்டுரை அனுப்ப வேண்டுமாம். பிழை திருத்தித் தரச் சொன்னார். கேள்வி இது: ‘நெருக்கடியின்போது உங்கள் நூலகத்தில் நீங்கள் சமாளிக்க வேண்டியிருந்த மிகப் பெரிய சிக்கல் எது?’ காற்று, கரண்ட், சிக்னல் என்று எழுதியிருப்பார் என நினைத்தேன்.

முதல் வரியிலேயே ‘வழக்கமாக வரும் ஒரு வாசகர்’ என்று எழுதியிருந்தார்.

ரெண்டு தடவை படித்துப் பார்த்தேன்... பிழை ஒன்றுமில்லை.