புர்கி கட்டிய சிவப்பு நாடா

எங்கள் டிரோல் பனிமலையில் அடிவாரத்துச் சரிவு புர்கியுடையது. உச்சிச் சரிவு அவள் தங்கை சென்ஸியுடையது. முதன்முதலாகப் பனியில் சறுக்க வருகிறவர்களை விழுந்து எழ வைத்து, வளைந்து திரும்பக் கற்றுக்கொடுத்து, நிறுத்தக் கற்றுக்கொடுத்து ஆளாக்குவது அக்கா. அவர்கள் தேறியதும் உச்சிக்குக் கூட்டிப்போய்ப் பேர் வாங்குவது தங்கை. கட்டிப்பிடித்து நன்றி சொல்வதும், ஷ்னாப்ஸ் சாராயம் வாங்கிக் கொடுப்பதும் சென்ஸிக்குத்தான். அந்தச் சென்ஸிக்கே முதன்முதலில் சறுக்குப் பலகை மாட்டிவிட்டவள் புர்கி. ஊரில் அது யாருக்கும் ஞாபகமில்லை. புர்கிக்கு வயிறெரிந்தது. அவள் அதை மறைக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமைதோறும் தேறியவர்களின் ஊன்றுகோலில் புர்கி சிவப்பு நாடா கட்டுவாள். நாடா இல்லாதவரைச் சென்ஸி மேலே ஏற்ற மாட்டாள். அந்த வாரம் ஃபெம்கே என்ற டச்சுக்காரி கோலை நீட்டினாள். மூன்று குளிர்காலமாகப் புர்கியிடம் கற்றவள். அன்று அழகாகத்தான் இறங்கினாள். ஆட்களைக் கம்பியில் மேலே இழுக்கிற அடிவாரத்து விஞ்ச் இயந்திரத்தை ஓட்டுகிற நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

"முட்டி இன்னும் விறைப்பா இருக்கு. அடுத்த வருஷம் பாக்கலாம்," என்றாள் புர்கி.

எனக்குப் பொறுக்கவில்லை. "விறைப்பு அவ முட்டியில இல்ல, உன் மனசுல. தங்கச்சிகிட்ட போயிடுவான்னுதானே?"

"ஆமாய்யா, அதுக்குத்தான்! பாடுபடுறது நானு, பாராட்டு அவளுக்கா?"

ஃபெம்கேயின் கண் கலங்கிவிட்டது. புர்கி அதைப் பார்த்தாள். வெடுக்கென்று கோலைப் பிடுங்கி, கழுத்தை நெரிப்பதுபோல் நாடாவை இறுக்கிக் கட்டினாள்.

திங்கட்கிழமை மதியம் ஃபெம்கே சென்ஸியோடு இறங்கி, நாங்கள் சூப் குடித்துக்கொண்டிருந்த குடிலுக்குள் ஓடி வந்தாள்.

"உச்சியில நின்னதும் கால் நடுங்கிடுச்சு புர்கி! 'பள்ளத்தப் பாக்காத, என் முதுகப் பாரு'ன்னா சென்ஸி. இது புர்கி சொல்றதாச்சேன்னேன். 'எனக்கும் அவதான் சொல்லிக்கொடுத்தா. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் எங்க அக்கா போட்ட பிச்சை'ன்னா!"

பின்னாலேயே வந்த சென்ஸி தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். புர்கி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஊரான் வீட்டுப் பொம்பளகிட்ட சொல்லத் தெரியுது. எங்கிட்ட ஒரு நாளாவது சொன்னியாடி?"

"நீ எங்க சொல்ல விட்டக்கா? என்னப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்குவ."

புர்கி சூப்புக் கிண்ணத்தைத் தங்கை பக்கம் தள்ளினாள்.

"குடி. இந்த வெள்ளிக்கிழமை மூணு பேருக்கு நாடா கட்டுறேன். மூணு பேர்கிட்டயும் இதையே சொல்லணும். மறந்த, தொலைச்சுப்புடுவேன்."