பலகை சொன்ன கியர்

என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். கல்யாணமான புதிதில் என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, ஆளே அப்படி. ஆனால் குழந்தைகள் சைக்கிளில் கியர் எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. அடுப்பில் வைத்தது அடிபிடித்துவிடும், அவர் முடித்திருக்கமாட்டார்.

"பெரியவங்க அழுத்திப் பாத்துட்டு லேசா இருக்குன்னா ஆச்சா? பிள்ளைங்க கைதானே சொல்லணும்?" என்பார்.

அதற்காகவே ஒரு பலகை செய்து, எங்கள் சைக்கிள் கடைச் சுவரில் பிள்ளைகள் உயரத்துக்கு மாட்டியிருந்தார். அதில் மூன்று கியர் வகைகள்: கைப்பிடியோடு திருகுவது ஒன்று, கட்டைவிரலால் தள்ளுவது ஒன்று, ஆள்காட்டி விரலால் இழுப்பது ஒன்று. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கம்பி பலகைக்குப் பின்னால் போய் ஸ்பிரிங்கில் மாட்டியிருக்கும். கம்பி இல்லாவிட்டால் எந்த மட்டமான கியரும் பூப்போலத் திரும்பும். சைக்கிளில் ஏற்றிய பிறகுதான் அதன் முரட்டுத்தனம் தெரியும். அந்த இழுப்பைப் பலகையிலேயே காட்டத்தான் ஸ்பிரிங். பிள்ளை மூன்றையும் பிடித்துப் பார்த்து எது சுலபம் என்கிறதோ, அதைத்தான் மாட்டுவார். நான் அந்தப் பலகைக்கு 'நீதிபதி' என்று பெயர் வைத்திருந்தேன். "இன்னைக்கு நீதிபதி என்ன சொன்னாரு?" என்று கேட்டால் மட்டும் சிரிப்பார்.

கடையில் அவருக்குக் கூட்டு என் தம்பி. இவர் உள்ளே ஸ்பேனரோடு, அவன் முன்னால் வாயோடு. பன்னிரண்டு வருஷம். அவனை நான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்களுக்கு ஒரே பெண், ஒன்பது வயது. இரண்டு வருஷத்துக்கு முன் மாடிப்படியில் விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லியும் அவள் நம்பவில்லை. தண்ணீர் பாட்டில் மூடியைக்கூட இடது கையால்தான் திறப்பாள். பெரிய சைக்கிள் வாங்கும் நேரம் வந்ததும் இவருக்கு ஒரே நினைப்பு. வலது கைப் பக்கம் கியர் லேசாக அமைந்து, பள்ளிக்குப் போகும் வழியில் இருக்கும் பாலத்து மேட்டில் அவளே மாற்றி ஏறிவிட்டால், அந்தக் கையை நம்ப ஆரம்பித்துவிடுவாள். "ஒரு தடவை ஏறிட்டாப் போதும்" என்று என்னிடம் எத்தனை முறை சொன்னாரோ.

அந்த வாரம் பார்த்து இடுப்புப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். பள்ளி விட்டு வரும் வழியில் கடைக்குப் போய்வந்த மகள், "அப்பா, திருகுறதுதான் லேசு! ரெண்டு விரல்லயே சுத்துது!" என்று குதித்தாள். அவருக்கு வலி பாதி பறந்துவிட்டது.

எழுந்ததும் அவள் புது சைக்கிளில் அதையே அவர் பார்த்துப் பார்த்து மாட்டினார். கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்ததாம். புதுசு, ஓட ஓட இளகும் என்று விட்டுவிட்டார். தன் கையைவிடப் பலகையை நம்பிப் பழகிய மனுஷன்.

பத்து நாள் கழித்து அவள் பள்ளிப் பையில் பழைய பேண்டேஜ் துணி கிடைத்தது.

"எதுக்குடி இது?"

"மேட்டுக்கு முன்னாடி இறங்கிக் கட்டிக்குவேம்மா. அப்பவும் திரும்ப மாட்டேங்குது. தள்ளிக்கிட்டுதான் ஏறுறேன். கடையில லேசாத்தான் இருந்துச்சு. என் கைதான் மறுபடி கெட்டுப்போச்சு. அப்பாகிட்ட சொல்லாத."

சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்கு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். போனதும் பலகையைக் கழற்றித் திருப்பினார். இரண்டு கம்பிகள் ஸ்பிரிங்கில் இருந்தன. திருகும் கியரின் கம்பியை மட்டும் யாரோ அவிழ்த்துச் சுருட்டி, டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ, கடையில் இருப்பதே இரண்டு பேர்.

"திருகுற கியர் பெட்டி முழுக்கத் தேங்கிக் கிடந்துச்சு அத்தான்" என்றான் தம்பி. "தள்ளி விடணும்ல? நீங்க படுத்திருந்த ஒரு வாரம்தான். அப்புறம் மாட்டிடலாம்னு இருந்தேன், மறந்துட்டேன்."

"என் பலகையில கை வச்சுட்டியே மாப்ள" என்றார். பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் நின்றவன் கழுத்தறுத்த வலி முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"நம்ம பாப்பா வருவான்னு நான் கண்டேனா? அவ வந்தப்ப நான் சாப்பிடப் போயிருந்தேன். இருந்திருந்தா விட்டிருப்பேனா? அக்கா, நீயாவது சொல்லேன்."

ஊரார் பிள்ளைகள் என்றால் பரவாயில்லையா என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. தம்பியாயிற்றே. வீடு திரும்பும் வழி நெடுக அவனுக்காகச் சப்பைக்கட்டு கட்டிக்கொண்டே வந்தேன். "நம்ம பிள்ளைக்குன்னு தெரிஞ்சா செய்வானா? அவகிட்ட கியர் பழுதுன்னு மட்டும் சொல்லுங்க. மாமான்னா அவளுக்கு உயிரு."

"பழுதுன்னா நம்பமாட்டா. கையைத்தான் குறை சொல்லுவா" என்றார்.

சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து, கட்டைவிரலால் தள்ளும் கியரை மாட்டினார். நடந்ததை மறைக்காமல் மகளிடம் சொன்னார். அவள் தள்ளிப் பார்த்தாள். 'டிக்' என்று விழுந்தது.

"அப்ப என் கை நல்லாத்தான் இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு கண்ணு."

இன்னும் இரண்டு முறை தள்ளிவிட்டுச் சிரித்தாள். பிறகு யோசித்தாள்.

"ஆனா அன்னைக்கு நான் முதல்ல இதைத்தான்ப்பா கேட்டேன். மாமாதான் திருகுறதைத் திருகிப் பாக்கச் சொன்னாரு. கடையில ரெண்டு மூணு பேர் வாங்க வந்து நின்னாங்க. அவங்ககிட்ட, 'பாருங்க, எங்க வீட்டுப் பிள்ளையே இதைத்தான் எடுக்குது, அதுவும் உடைஞ்சு கூடின கை'ன்னு என் கையைத் தூக்கிக் காட்டினாரு."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

"எந்தக் கையைடி?" என்று கேட்டேன், தெரிந்தும்.

வலது கையை நீட்டினாள்.