ஏற்காட்டுக்குப் போன மருந்துப் பை

எங்கள் வீட்டில் ஊருக்குப் போகலாம் என்று பேச்செடுத்தால் போதும், பிள்ளைகளுக்கு உடம்பு சுடும். பயணத்தை நிறுத்தியதும் சூடு இறங்கிவிடும். இப்படியே மூன்று கோடை லீவு போனது. மூன்று தடவையும் கிளம்பியது ஏற்காட்டுக்குத்தான். அங்கே ஓர் ஏரி இருக்கிறது, அதில் படகு விடுகிறார்கள் என்று என் வீட்டுக்காரியிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். சொன்ன புண்ணியவான் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தால் என் கடையில் அவருக்கு சோடா கிடையாது.

படகு என்றால் அவளுக்கு அப்படி ஓர் ஆசை. திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் மலை தெரியும். கொல்லைப்பக்கம் போனால் மலை தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"பொறந்ததுல இருந்து இந்த மலையவே சுத்திக்கினு இருக்கிறேன். ஒரே ஒரு தபா தண்ணி மேல சுத்திட்டு வந்துடறேன்யா. அப்புறம் எங்கியும் கேக்க மாட்டேன்" என்பாள்.

அப்புறம் கேட்கமாட்டாள் என்பதை நான் நம்பவில்லை. முதல் பாதியை நம்பினேன்.

முதல் தடவை பெரியவளுக்குக் காய்ச்சல். வாசலிலேயே திரும்பினோம். இரண்டாம் தடவை சின்னவனுக்குச் சளி. பஸ் ஸ்டாண்டில் திரும்பினோம். மூன்றாம் தடவை அவனுக்கே வயிற்றால் போய், செங்கத்தில் இறங்கித் திரும்பினோம். வருஷா வருஷம் கொஞ்சம் முன்னேற்றம் இருந்தது. அதே வேகத்தில் போயிருந்தால் பெரியவள் கல்யாணத்துக்குள் சேலத்தைத் தொட்டிருப்போம்.

செங்கத்திலிருந்து திரும்பிய அன்று, கட்டிக்கொள்ள வைத்திருந்த புதுப்புடவையை அவள் மறுபடியும் பெட்டிக்குள் வைத்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டுகிற பெண்டாட்டியைச் சமாளித்துவிடலாம். திட்டாதவளிடம் என்ன செய்வது?

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். நான்காவது கோடை லீவு வந்தது. பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு மூன்று. சித்திரை பௌர்ணமிக் கூட்டம் கலைந்து, கடை முன்னால் கிடந்த குப்பையை நான் பெருக்கிக்கொண்டிருந்தேன். அவள் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இந்தத் தபா யாருக்கு இன்னா வந்தாலும் நான் திரும்ப மாட்டேன். மருந்து எடுத்துக்கினு போவோம். வழியிலயே குடுத்துக்கலாம். துணிமணி, சோறு, தண்ணி எல்லாம் நான் பாத்துக்கறேன். மருந்து மட்டும் நீ பாரு. டவுனுக்குப் போயி மெடிக்கல்ல கேட்டு வாங்கியா."

"எதுக்கு டவுனு? நம்ம கடையிலயே இருக்குதே."

"சின்னப் புள்ளைங்களுக்குய்யா."

"புள்ளைங்க காலு மட்டும் வேற காலா?"

அவளுக்கு அது புரியவில்லை. எனக்கு அது அப்போது மிகவும் புத்திசாலித்தனமான கேள்வியாகப் பட்டது.

என் படிப்பைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். மூன்றாம் வகுப்பில் வாத்தியாரும் நானும் ஒருவரையொருவர் மன்னித்துப் பிரிந்தோம். எழுத்துக் கூட்டிப் படிப்பேன்; கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். ஆனால் கிரிவலப் பாதையில் கடை வைத்திருக்கிறவனுக்குப் படிப்பு எதற்கு? பௌர்ணமிக்குப் பௌர்ணமி நான் பாதி டாக்டர். சோடா, கலர், முறுக்கு விற்கிற அதே கையால் தைலம், பஞ்சு, பிளாஸ்திரி, குளுக்கோஸ் எல்லாம் விற்பேன். மெட்ராஸ்காரர், பெங்களூர்க்காரர், ஆந்திராக்காரர் யாராக இருந்தாலும் என் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் பிடித்துக்கொள்வது காலைத்தான். நான் பிறந்ததிலிருந்து பார்த்த வெளியூர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் ஒரே வியாதி. ஆகவே வெளியூருக்குப் போனால் மனிதனுக்குக் கெட்டுப்போவது கால் என்பது என் மருத்துவ ஞானம். இதில் என்ன தப்பு இருக்க முடியும்?

மஞ்சப்பை ஒன்றை எடுத்து மருந்து கட்டினேன். பச்சை மூடித் தைலம், மஞ்சள் மூடித் தைலம், முழங்காலுக்குப் போடுகிற எண்ணெய், கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி, சுளுக்குக்குச் சுற்றுகிற துணிச் சுருள், ஒரு பொட்டலம் பஞ்சு. சின்னவன் கால் சின்னது என்பதால் அவனுக்கென்று தனியாகச் சின்ன டப்பா தைலம். அந்த டப்பாவைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. இப்படி ஒரு தகப்பன் எந்தப் பிள்ளைக்குக் கிடைப்பான்!

"எல்லாம் எடுத்துக்கினியா?" என்று கேட்டாள்.

"ஒரு குறையும் இல்ல. ஆஸ்பத்திரியவே கட்டி வச்சிருக்கிறேன்."

புளிச்சோறு கட்டுகிற அவசரத்தில் அவள் பையைத் திறந்து பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னாலும் என்னை அப்படித்தான் சரியாகப் பார்க்காமல் விட்டாள்.

விடிந்ததும் கிளம்பினோம். பஸ் செங்கத்தைத் தாண்டியபோது அவள் ஜன்னல் வழியாகச் செங்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பிள்ளைகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஊத்தங்கரை, அரூர் எல்லாம் சிரித்துக்கொண்டே தாண்டினோம். சேலத்தில் இறங்கிப் புளிச்சோற்றை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏற்காடு பஸ்ஸில் ஏறினோம். வயிறு முட்ட என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வயிறு வைத்துக்கொண்டது.

எங்கள் மலையைச் சுற்றித்தான் நடப்போம். மலைக்கு மேலேயே பஸ் ரோடு போகும் என்பதும், அந்த ரோடு நடுவில் கொண்டை ஊசியாட்டம் மடங்கி மடங்கித் திரும்பும் என்பதும் எனக்குப் புதுசு. மூன்றாவது வளைவில் பெரியவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, பஸ்ஸு என் வயித்துக்குள்ள சுத்துது."

"அது அப்படித்தான் இருக்கும் கண்ணு. கால் வலிக்குதா?"

"இல்லப்பா."

"அப்ப ஒண்ணும் இல்ல."

சொல்லி முடிப்பதற்குள் புளிச்சோறு என் மடிக்கு வந்தது. கண்டக்டர் ஓடி வந்தார்.

"ஏங்க, மலை ஏறுறீங்க, ஒரு கவரு கொண்டாரக் கூடாதுங்களா?"

"மருந்தே கொண்டாந்திருக்கிறேன் சார்" என்று நிமிர்ந்து சொன்னேன்.

"மருந்துப் பையக் குடு" என்று என் வீட்டுக்காரி கை நீட்டினாள். நான்கு வருஷமாக அவள் காத்திருந்த நேரம் இது. உடம்புக்கு வரட்டும், மருந்து இருக்கிறது என்று அவள் துணிந்து கிளம்பியதே இந்தப் பையை நம்பித்தான். பெருமையோடு கொடுத்தேன்.

பச்சை மூடியை எடுத்தாள். மஞ்சள் மூடியை எடுத்தாள். முழங்கால் எண்ணெயை எடுத்தாள். துணிச் சுருளை எடுத்தபோது அது கை நழுவி, பஸ்ஸுக்கு நடுவில் கல்யாணக் கம்பளம் மாதிரி உருண்டு விரிந்தது.

"இன்னாய்யா இது?"

"மருந்து."

"வாந்திக்கு இன்னா இருக்குது?"

"வாந்தி..."

"காய்ச்சலுக்கு?"

"அது வந்து..."

"வயித்தால போனா?"

"பஞ்சு இருக்குது" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய்தான் முந்திக்கொண்டது.

பின் சீட்டிலிருந்த பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "தம்பி, அந்த எண்ணெயில கொஞ்சம் குடு, எனக்கு முட்டி வலி" என்றார். அவர் ஒருவருக்காவது என் பெருமை தெரிந்ததே என்று கொடுத்தேன். அவர் வேட்டியை ஏற்றிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். மகளுக்கு ஏதாவது செய்தாக வேண்டுமே என்று பச்சை மூடியைத் திறந்து அவள் நெற்றியில் தடவினேன். வாசனை குப்பென்று பஸ் பூராவும் பரவியது. அடுத்த வளைவில் சின்னவன் வாந்தி எடுத்தான். முன் சீட்டில் யாரோ ஒரு அம்மா எடுத்தார். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் பாதி முட்டியில் நிறுத்திக்கொண்டு வாயைப் பொத்தினார். நானும் ஜன்னலைத் தேடினேன். கிடைக்கவில்லை.

டிரைவர் ஓர் அகலமான வளைவில் வண்டியை ஓரம் கட்டினார். எல்லோரும் இறங்கினார்கள். இறங்கியவர்கள் எல்லோரும் பார்த்தது என்னைத்தான். பாறை மேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டேன். அந்த மலையே என்னைச் சுற்றி வந்தது.

அப்போது மேலிருந்து ஒரு பஸ் இறங்கி வந்தது. எங்கள் கண்டக்டர் நல்ல மனிதர். கை காட்டி அதை நிறுத்தினார்.

"கொழந்தைங்களுக்கு முடியலீன்னா இதுல ஏறிக் கீழ போயிருங்க. இன்னும் வளைவு ஜாஸ்தி இருக்குதுங்க."

"ஏறிக்கிறோம்" என்று நான் எழுந்தே விட்டேன்.

அவள் எழவில்லை. பெரியவளின் நெற்றியைத் தொட்டாள். சின்னவனின் வயிற்றைத் தொட்டாள். கீழே போகிற பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அவள் முகத்தைப் பார்த்தேன். பெட்டியில் புடவையை மடித்து வைத்த அதே முகம்.

"அம்மா, முறுக்கு" என்றான் சின்னவன்.

"எனக்கும்" என்றாள் பெரியவள்.

அவள் முகம் மாறியது. எழுந்து நின்றாள்.

"புள்ளைங்களுக்கு ஒண்ணும் இல்ல. எடுத்ததும் சரியாப் போச்சு. இப்ப யாருக்கு முடியல?"

நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன்.

"அப்ப நீ மட்டும் கீழ போ. சேலத்துல உக்காந்திரு. நாங்க படகு பாத்துட்டு வர்றோம்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சோற்றுப் பையை ஒரு தோளிலும் சின்னவனை ஒரு இடுப்பிலும் ஏற்றிக்கொண்டு, பெரியவளை முன்னால் விட்டு, மேலே போகிற பஸ்ஸில் ஏறிவிட்டாள். கீழே போகிற பஸ்ஸின் கண்டக்டர் என்னைப் பார்த்து, "வர்றியாப்பா, இல்லையா?" என்றார்.

"நீ போ சாமி" என்று கும்பிட்டுவிட்டு மேலே போகிற பஸ்ஸின் பின்னால் ஓடினேன். டிரைவருக்கு என் மேல் இரக்கமோ, தன் பஸ்ஸின் மேல் இரக்கமோ, என்னை முன்னால் தன் பக்கத்தில் உட்கார வைத்து, "ரோட்டையே பாரு. பேசாத" என்றார். பேசாமல் இருந்தது வளைவை விடக் கஷ்டமாக இருந்தது.

மேலே போய்ச் சேர்ந்ததும் அவள் ஏரியைத் தேடவில்லை. மெடிக்கல் எங்கே என்று விசாரித்தாள். கவுன்டருக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் அம்மா இருந்தார்.

"யாருக்கும்மா?"

"பொண்ணுக்கு ஆறு வயசு, பையனுக்கு மூணு" என்று சொல்லி என்னையும் காட்டினாள். "இதுக்கு முப்பத்தஞ்சு."

"எத்தனை கிலோ இருக்காங்க குழந்தைங்க?"

நான் தினமும் தராசு பிடிக்கிறவன். வெல்லத்தை நிறுத்திருக்கிறேன், பிள்ளையை நிறுத்ததில்லை. அவள் பட்டென்று சொன்னாள்: "பையன் பதிமூணுங்க. போன மாசம் பால்வாடியில நிறுத்தாங்க. பொண்ணு பதினெட்டு."

அந்த அம்மா காய்ச்சல் மருந்துப் பாட்டிலையும் அளவு மூடியையும் எடுத்து, எந்தக் கோடு வரைக்கும் யாருக்கு, எத்தனை மணி நேரம் விட்டு என்று சொன்னார். பெரியவர்கள் மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது என்றார். வயிற்றால் போனால் கரைத்துக் கொடுக்க உப்புச் சர்க்கரைப் பொடி கொடுத்தார். அதைக் காய்ச்சி ஆறின தண்ணீரில்தான் கலக்க வேண்டும் என்றார். இறங்கும்போது வாந்தி வராமலிருக்க எனக்கு ஒரு மாத்திரை. அரைமணி நேரம் முன்னால் போட வேண்டும். பிள்ளைகளுக்கு மாத்திரை வேண்டாம், வயிற்றைக் காலியாகவும் விடாமல் முட்டவும் விடாமல் லேசாக ஏதாவது கொடுத்து முன் சீட்டில் உட்கார வையுங்கள் என்றார்.

"ஊர்ல இருந்து ஏதாவது மருந்து கொண்டு வந்திருக்கீங்களா?"

அவள் மஞ்சப்பையைக் கவுன்டர் மேல் கவிழ்த்தாள். அந்த அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"நடந்தா வந்தீங்க?"

"அண்ணாமலைங்க நாங்க" என்றாள் அவள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"இந்தத் தைலத்தை மட்டும் சின்னவன் மூக்குக்கிட்ட கொண்டு போகாதீங்க. சின்னப் புள்ளைங்களுக்கு ஆகாது."

நான் அந்தச் சின்ன டப்பாவைச் சத்தமில்லாமல் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பிறகு ஏரி. படகு ஆடுகிறதைப் பார்த்ததும் என் வயிறும் ஆடத் தொடங்கிவிட்டது.

"நீ கரையிலயே இரு" என்றாள். "பையப் புடிச்சுக்க."

படகுக்காரர் துடுப்பு போட, அவளும் பிள்ளைகளும் போனார்கள். முதலில் விறைப்பாக, இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கையால் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடு ஏரிக்குப் போனதும் பெரியவளை விட்டுவிட்டு ஒரு கையைத் தண்ணீரில் விட்டாள். அவ்வளவு தூரத்திலிருந்து முகம் தெரியவில்லை. சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. பிள்ளைகள் சத்தம் என்று நினைத்தேன். அவள் சத்தம்.

படகு கரைக்கு வந்தது. நான் கை கொடுக்க இறங்கிப் போனேன். அவள் எழுந்திருக்கவில்லை. குனிந்து படகுக்காரரிடம் ஏதோ சொன்னாள். அவர் என்னைப் பார்த்து, "அண்ணே, இன்னொரு ரவுண்டு போகணுமாம். டிக்கெட் எடுத்துட்டு வாங்க" என்றார்.

டிக்கெட் கவுன்டரை நோக்கி ஓடினேன்.

"யோவ்!" என்று பின்னால் தண்ணீரிலிருந்து அவள் குரல் வந்தது. "மெதுவாப் போய்யா. நாங்க எங்கியும் போயிட மாட்டோம்."