மூன்றாவது மாடியிலிருந்து இறங்கிய ஒயர் கூடை

போன வருடம் ஆடி மாதம். குன்றத்தூர் மலைக்கோயில் படியில் வழுக்கி விழுந்து, கணுக்காலில் பிளேட் வைத்து, தாம்பரம் பக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தேன். கணவருக்கு வெளிநாட்டில் வேலை, மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். தங்கை சில நாள் இருந்து பார்த்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள்.

எனக்குச் சர்க்கரை வேறு. அடுப்படியில் நிற்க முடியாததால் செல்போனில் ஆர்டர் போட்டே சாப்பிட்டேன். ஃப்ரைடு ரைஸ், பரோட்டா, எது சீக்கிரம் வருமோ அது. விளைவு, தையல் போட்ட இடம் ஆறாமல் நீர் கசிய ஆரம்பித்தது. சர்க்கரை இறங்காவிட்டால் மறுபடியும் காலைத் திறக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து பயத்தில் அழுதேன்.

பள்ளியில் என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்திதான் ஓர் அக்காவைப் பற்றிச் சொன்னாள். எங்கள் பின்தெருவில் வீட்டு முன்னறையில் இரண்டு அடுப்பு வைத்துச் சமைத்துக் கொடுப்பவர். காலையில் வாங்கிய காய் மதியத்துக்குள் தீர்ந்துவிடும், ஃப்ரிட்ஜ் கிடையாது. பாத்திரங்களைக் கழுவி வாசலில் கவிழ்த்துவிட்டால் அன்றைய சமையல் முடிந்தது, யார் கெஞ்சினாலும் கிடையாது. நான் போன் செய்தேன்.

"சக்கரையா டீச்சர்? சோத்தக் கொறச்சிட்டு கீரையும் வாழத்தண்டும் ஜாஸ்தி வெக்கிறேன். நானே எட்தாந்து குடுக்கிறேன், நீ எறங்காத" என்றார்.

மறுநாள் மதியம் அக்கா மேலே வரவில்லை. கேட்டிலிருந்து செக்யூரிட்டியின் போன்தான் வந்தது. "டீச்சர், இவங்க பேரு ஆப்ல இல்ல. பதிவு பண்ண கம்பெனி ஆளுங்கள மட்டும்தான் மேல விடணும்னு அசோசியேஷன் ரூல்." நீங்களாவது கொண்டுவந்து தாருங்கள் என்றால், கேட்டை விட்டு நகரக்கூடாதாம். பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "இன்னாபா இது, பர்கர் எட்துக்கினு போறவன் மனுசன், சோறு எட்தாந்தவ மனுசி இல்லியா?"

அசோசியேஷன் செக்ரட்டரிக்குப் போன் செய்தேன். எனக்கு நேர் கீழே, இரண்டாவது மாடியில் இருப்பவர். "ரூல்னா ரூல்தான் மேடம். இன்னைக்கு ஒருத்தரை விட்டா நாளைக்குத் தெருவே லிஃப்ட்ல ஏறும்" என்றார். என் காலைக் கெடுத்த பரோட்டா ஜம்மென்று லிஃப்டில் வரலாம், காலைக் காப்பாற்றப்போகும் கீரை வரக்கூடாது. எனக்கு வந்த கோபத்தில் வலிகூட மறந்துபோனது.

என் பால்கனி பின்தெருவைப் பார்த்தது, அடியிலேயே காம்பவுண்டு சுவர். வாக்கரைப் பிடித்துக்கொண்டு போய், துணி காயப்போடும் நைலான் கயிற்றை அவிழ்த்தேன். காய்கறி ஒயர் கூடையை அதில் கட்டினேன். "அக்கா, பின்தெருவுக்கு வாங்க!" என்று கத்தினேன். கூடை இறங்கிச் சுவர்மேல் உட்கார்ந்தது. அக்கா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே கேரியரையும் ரசத் தூக்கையும் உள்ளே வைத்தார்.

இழுக்கத்தான் எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது மாடி கம்பியில் கூடை மோதி, ரசத் தூக்கின் மூடி கழன்று, அங்கே காய்ந்துகொண்டிருந்த வெள்ளைச் சட்டை மேல் அத்தனை ரசமும் கொட்டிவிட்டது. செக்ரட்டரியின் சட்டை! மீதிச் சாப்பாடு பத்திரமாக மேலே வந்தது. கீரைக் கூட்டு இன்னும் சுட்டது. முதல் வாய் போட்டபோதே கண் கலங்கிவிட்டது.

பாதிச் சாப்பாட்டில் செக்ரட்டரி சட்டையும் கையுமாக வந்து நின்றார். "என்ன மேடம் இது? யாரைக் கேட்டுக் கயிறு விட்டீங்க?"

"சட்டைக்கு ஸாரி சார், துவைச்சுத் தர்றேன். ஆனா நாளைக்கும் கயிறு விடுவேன். ரூல்ல ஆள் மேல வர்றதைப் பத்தித்தானே இருக்கு, கயித்தைப் பத்தி இல்லையே?" என்றேன். மீட்டிங்கில் பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். பேசட்டும் என்று ரசமில்லாமலே மோர் ஊற்றிச் சாப்பிட்டு முடித்தேன்.

மறுநாள் கூடையை இறக்கும்போது, கீழ் பால்கனியிலிருந்தும் ஒரு பிளாஸ்டிக் வாளி கயிற்றில் இறங்கியது. எட்டிப் பார்த்தேன். செக்ரட்டரியின் மனைவி!

"என்ன அப்படிப் பாக்குறீங்க டீச்சர்? அந்தச் சட்டையை நேத்து துவைச்சது நான்தான். ரசம் வாசனை போகவே இல்லை. சரி, சாப்பிட்டே பாத்துடலாம்னு அக்காகிட்ட சொல்லிவெச்சேன்."

உள்ளேயிருந்து, "ஏய், யாராவது பார்க்கப் போறாங்க" என்று செக்ரட்டரியின் குரல் வந்தது. "நல்லா பாக்கட்டும்" என்றார் அந்த அம்மா.

சுவரடியிலிருந்து அக்கா கத்தினார். "மேல்வூடு மொதல்ல இழு, அப்பால கீழ்வூடு! ஆட்டாம தூக்குங்கம்மா, மொளகு ரசம் கீது!"

சில வாரங்கள் கழித்து டாக்டர் கட்டைப் பிரித்தபோது தையல் காய்ந்து ஆறியிருந்தது. காலை மறுபடி திறக்கவில்லை. ரூலை மட்டும் இன்றுவரை யாரும் ரத்து செய்யவில்லை, லிஃப்டுக்குள் ஒட்டிய நோட்டீஸ் அப்படியே இருக்கிறது. பின்பக்க பால்கனிகளில்தான் கயிறுகள் கூடிவிட்டன.

இப்போது நான் நன்றாகவே நடக்கிறேன். விடுமுறை நாட்களில் நாலு எட்டு வைத்தால் அக்கா வீட்டு வாசலிலேயே வாங்கிவிடலாம். ஆனாலும் கூடையைத்தான் இறக்குகிறேன். என் தட்டில் எது விழ வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்வேன் என்று அந்த நோட்டீஸுக்குக் கேட்கும்படி சொல்ல, எனக்கு வேறு வழி தெரியவில்லை.